‘புதிய போர்த்துக்கீசியக் கடிதங்கள்’ படித்தவர்கள் இருக்கிறீர்களா? யார் எதை எழுதினார்கள் என்பதில் ஒரு சந்தேகம்

நெய்தல்

பத்து நாளாக ஒரு புத்தகத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். 1972 ஏப்ரலில் லிஸ்பனில் வந்த ‘புதிய போர்த்துக்கீசியக் கடிதங்கள்’. மரியா இசபெல் பரேனு, மரியா தெரேசா ஓர்த்தா, மரியா வெல்யு ட கோஷ்தா மூன்று பேரும் சேர்ந்து எழுதியது. என்னிடம் இருப்பது 1975-ல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பு. பழைய புத்தகக் கடையில் கிடைத்தது. முதுகு விட்டுப்போய் நூலால் கட்டி வைத்திருக்கிறேன்.

கதை என்று ஒன்று இல்லை. கடிதம், கவிதை, கட்டுரை, நாட்குறிப்பு என்று ஏறக்குறைய 120 துண்டுகள். 17-ஆம் நூற்றாண்டுக் கன்னியாஸ்திரி ஒருத்தி வருகிறாள். நாலு பக்கம் தள்ளினால் ஆப்பிரிக்கப் போர்முனையில் இருக்கும் சிப்பாய். அப்புறம் ஒரு சிறுமியின் பள்ளிக்கூடக் கட்டுரை, தலைப்பு ‘வேலைகள்’. ஆண்களுக்கு என்ன வேலை, பெண்களுக்கு என்ன வேலை என்று பிள்ளைகள் எழுதுகிற அதே ஒப்பிக்கும் நடையில் போகிறது. சிரித்துக்கொண்டே படித்து, முடிக்கும்போது வயிற்றில் கல் விழுந்த மாதிரி இருந்தது.

என் சிக்கல் இதுதான். துண்டுகளின் கீழே தேதி இருக்கிறது, பெயர் இல்லை. மூவரில் யார் எழுதியது என்று ஊகித்து ஓரத்தில் பென்சிலால் ‘இ’, ‘தெ’, ‘வெ’ என்று குறித்துக்கொண்டே வந்தேன். பாதியில் குழம்பிவிட்டது. பெண் விடுதலையின் பெரிய புத்தகம் என்கிறார்கள். சொந்தப் பெயரில் சொல்லத் துணியாத பேச்சு என்ன விடுதலை? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பரணி

அட்டையில் மூன்று பெயரும் இருக்கிறதே! பெயர் போடவில்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

நெய்தல்

அட்டையில் இருக்கிறது தம்பி. உள்ளே இல்லை. அதைத்தான் கேட்டேன்.

ஓரக்கரை

நெய்தல், கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் பென்சிலால் செய்ததைத்தான் லிஸ்பன் போலீஸ் பேனாவால் செய்தது.

முழுக் கதையும் சொல்கிறேன், கொஞ்சம் நீளும். 1971-ல் ஓர்த்தா ஒரு கவிதைத் தொகுப்பு போட்டார். ஒரு பெண் தன் உடலின் ஆசையைத் தானே பேசுகிற கவிதைகள். அப்போதிருந்த சர்வாதிகார ஆட்சி அதைத் தடை செய்தது. அதோடு விடவில்லை. தெருவில் வைத்து ஆட்கள் அவரை அடித்தார்கள். இனிமேல் இப்படி எழுதாதே என்பதற்கான பாடமாம். அதற்குப் பிறகு மூன்று தோழிகளும் பேசிக்கொண்டிருந்தபோது வெல்யு ட கோஷ்தா கேட்டாராம்: ஒருத்தி எழுதியதற்கே இவ்வளவு அமளி என்றால் மூன்று பேர் சேர்ந்து எழுதினால் என்ன ஆகும்? புத்தகத்துக்குப் பிள்ளையார் சுழி அங்கேதான்.

வாரத்தில் ஒரு நாள் வெளியே மதியச் சாப்பாடு, இன்னொரு நாள் மாலையில் தனியே சந்திப்பு. எழுதியதைக் கொண்டுவந்து மற்ற இருவருக்கும் கொடுப்பார்கள். அவர்கள் அதற்குப் பதில் எழுதுவார்கள். 1971 முடிவதற்குள் எழுதி முடித்துவிட்டார்கள். வெளியிடத் துணிந்தது நதாலியா கொரேயா. அவரே பெரிய கவிஞர். சில ஆண்டுகளுக்கு முன் காமச்சுவைக் கவிதைகளின் தொகுப்பு ஒன்றைப் போட்டதற்காக அவருக்கு நீதிமன்றம் தண்டனை கொடுத்து, அது நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. அந்த நிலையிலும் ஒரு வரி வெட்டாமல் அச்சுக்கு அனுப்பினார்.

புத்தகம் கடைக்கு வந்த கொஞ்ச நாளிலேயே பறிமுதல். ஆபாசம், பொது ஒழுக்கத்துக்குக் கேடு என்று வழக்கு. விசாரணையில் போலீஸ் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றேதான்: இந்தப் பக்கத்தை எழுதியது உங்களில் யார்? அதைச் சொல்லிவிட்டால் மற்ற இருவரும் தப்பிக்கலாம். மூவரும் வாயைத் திறக்கவில்லை. மூவரும் எழுதினோம், அவ்வளவுதான்.

ஆக, பெயரில்லாமல் விட்டது பயத்தினால் இல்லை. பெயர் இருந்திருந்தால் ஒருத்தியைத் தனியாகப் பிரித்து இழுத்துக்கொண்டு போயிருப்பார்கள்.

நெய்தல்

அக்கா, இப்போது அந்தப் பென்சில் குறிகளைப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது. வழக்கு என்ன ஆயிற்று?

ஓரக்கரை

1973 அக்டோபரில் விசாரணை தொடங்கியது. தள்ளிப்போட்டார்கள், மறுபடி தள்ளிப்போட்டார்கள். அதற்குள் புத்தகமும் சேதியும் பாரிஸ் போய்ச் சேர்ந்தாயிற்று. பிரெஞ்சு எழுத்தாளர்கள் சிமோன் த பொவா, மார்கரித் துராஸ் எல்லாம் குரல் கொடுத்தார்கள். பல ஊர்களில் போர்ச்சுகல் தூதரகங்கள் முன்னால் பெண்கள் போய் நின்றார்கள். தீர்ப்பு 1974 மே 7-ல் வந்தது. நடுவில் ஏப்ரல் 25-ல் கார்னேஷன் புரட்சி நடந்து ஆட்சியே போய்விட்டது. சர்வாதிகாரம் ஒழிந்து 12 நாள் கழித்து, இது ஆபாசம் இல்லை, தரமான இலக்கியம் என்று தீர்ப்பு! நீதிமன்றங்களின் இலக்கிய ரசனை காலநிலையைப் பொறுத்தது போலிருக்கிறது.

பழைய வாசகன்

இழை நன்றாகப் போகிறது. ஆனால் ‘புதிய’ கடிதங்கள் என்றால் பழைய கடிதங்கள் எவை என்று யாரும் சொல்லவில்லை. அதைச் சொல்லாமல் பெயர் விவகாரம் முழுதாகப் புரியாது.

1669-ல் பாரிசில் ஒரு சின்னப் புத்தகம் வந்தது, ‘போர்த்துக்கீசியக் கடிதங்கள்’. ஐந்தே கடிதங்கள். போர்ச்சுகலில் ஒரு மடத்துக் கன்னியாஸ்திரி, தன்னை விட்டுப் போன பிரெஞ்சு அதிகாரிக்கு எழுதுகிறாள். கெஞ்சுகிறாள், திட்டுகிறாள், திட்டியதற்கு மன்னிப்புக் கேட்கிறாள், ஐந்தாவது கடிதத்தில் போ என்று விட்டுவிடுகிறாள். ஐரோப்பா முழுக்கப் பைத்தியமாகப் படித்தார்கள். ஒரு காலத்தில் இந்த மாதிரிக் காதல் கடிதத்துக்கே ‘போர்த்துகேஸ்’ என்று பிரெஞ்சில் பெயராகிவிட்டது. பெண் மனம் இயல்பாகக் கொட்டினால் இப்படித்தான் இருக்கும் என்று பெரிய பெரிய ஆண்கள் சான்றிதழ் கொடுத்தார்கள்.

எழுதியவள் யார் என்று 1810-ல் ஒரு பெயர் கிடைத்தது: பேஜா நகரத்து மடத்தின் மரியானா அல்கோஃபொராடு. அப்படி ஒருவர் நிஜமாகவே இருந்தார். 1640-ல் பிறந்து 1723-ல் அதே மடத்தில் இறந்தார். ஆனால் கடிதங்களை எழுதியது அவர் இல்லை, கியர்ராக் என்ற பிரெஞ்சுக்காரர்தான் என்று இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். போர்த்துக்கீசிய மூலம் என்று எதுவும் இதுவரை கிடைக்கவில்லை.

யோசித்துப் பாருங்கள். போர்ச்சுகல் பெண்ணின் காதல் என்றாலே உலகம் நினைத்துக்கொண்ட குரல், ஒரு பாரிஸ் கனவான் மேசையில் உட்கார்ந்து எழுதியது. ஒரு ஆண் பெண் பெயரில் எழுதியதை முந்நூறு வருடம் கழித்து மூன்று பெண்கள் திரும்ப வாங்கிக்கொள்கிறார்கள். திரும்ப வாங்கும்போது தனிப்பெயரை வெளியே வைத்துவிட்டு வருகிறார்கள். எனக்கு இதில் ஒரு குறும்பு தெரிகிறது.

மரியானா, மூன்று மரியா. புத்தகத்துக்குள் மரியா அனா, அனா மரியா என்று பெயரையே கலைத்துக் கலைத்து அடுக்குவதையும் கவனித்திருப்பீர்கள்.

பரணி

ஐயா, மரியானா எழுதவே இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடியுமா? ஊர்ப் பெயரெல்லாம் சரியாக வருகிறது என்று ஒரு கட்டுரையில் படித்தேன்.

பழைய வாசகன்

அந்த ஊர்ப் பெயரில்தான் சண்டையே. ‘மெர்த்தோலா தெரியும் உப்பரிகைக்கு என்னை அழைத்துப்போனார்கள்’ என்று ஒரு கடிதத்தில் வருகிறது. மெர்த்தோலா பேஜாவிலிருந்து ஏறக்குறைய 50 கிலோமீட்டர். எந்த உப்பரிகையில் நின்றாலும் தெரியாது. பார், ஊரையே பார்க்காத பிரெஞ்சுக்காரன் எழுதியது என்று ஒரு கட்சி. அட, அது மெர்த்தோலா ஊர் இல்லை, பேஜா கோட்டையின் ‘மெர்த்தோலா வாசல்’, அது மடத்திலிருந்து தெரியும் என்று இன்னொரு கட்சி. இந்த ஒரு வார்த்தையை வைத்து நூறு வருடத்துக்கு மேல் அடித்துக்கொள்கிறார்கள்.

மடத்தின் பெரும்பகுதியை இடித்துவிட்டார்கள். மிச்சம் இருப்பது இன்று அருங்காட்சியகம். அதில் கம்பி போட்ட ஒரு ஜன்னலை ‘மெர்த்தோலா ஜன்னல்’ என்று காட்டுகிறார்கள். மரியானா அங்கே நின்றுதான் அந்த அதிகாரி குதிரையில் போவதைப் பார்த்தாளாம். கடிதம் பொய்யென்று முடிவானாலும் ஜன்னலைக் காட்டுவதை நிறுத்த மாட்டார்கள்.

நெய்தல்

ஐயா, ஜன்னல் என்றதும் ஒன்று தோன்றியது. நம் ‘ஜன்னல்’ அவர்களுடைய ‘ஜனெலா’தானே. ‘சாவி’யும் அவர்கள் கொடுத்ததுதான், ‘ஷாவ்’. அந்தக் கடிதங்களில் அவள் ‘எனக்குச் சமீபத்தில் மடத்து வாசல் காக்கும் வேலை கொடுத்திருக்கிறார்கள்’ என்று ஒரு இடத்தில் எழுதுகிறாள். கதவுப் பொறுப்பே அவள் கையில். போகவில்லை. உட்கார்ந்து கடிதம் எழுதுகிறாள். எங்கே போவாள் என்பது வேறு கேள்வி.

கிச்சு

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எனக்குத் தெரிந்த ஒரே போர்த்துக்கீசிய வார்த்தை ‘சௌதாத்’. மொழிபெயர்க்கவே முடியாதாமே. அதைப் பற்றி யாராவது...

ஓரக்கரை

தம்பி, ஏக்கம். மொழிபெயர்த்தாயிற்று. அடுத்தது?

கிச்சு

:) சரி அக்கா. ஆனால் கவிஞர் ஃப்ளோர்பெலா எஷ்பாங்கா பற்றிக் கேட்காமல் போக மாட்டேன். அவருடைய 1923 தொகுப்பின் பெயரிலேயே அந்த வார்த்தை இருக்கிறது. பெரும்பாலும் சானட்டாகவே எழுதியும் இப்படிப் பற்றி எரிய முடியுமா என்று இருந்தது. இவனையும் அவனையும் எல்லாரையும் காதலிக்க வேண்டும், யாரையும் காதலிக்காமல் இருக்க வேண்டும் என்று ஒன்று வருமே.

பழைய வாசகன்

கிச்சு, கேள்வி சரியான இடத்தில்தான் விழுந்திருக்கிறது. அந்தத் தொகுப்பின் பெயர் ‘சௌதாத் சகோதரியின் புத்தகம்’. சகோதரி என்றால் கன்னியாஸ்திரி. மறுபடி மடம்! அந்தப் பட்டப்பெயரை வைத்தது அவருடைய சக கவிஞர் ஒருவர், ஆண். ஃப்ளோர்பெலா அதை எடுத்துத் தலைப்பாக்கினார். பேஜா இருக்கும் அதே அலென்தேஜு மாகாணத்துக்காரர். 1894-ல் பிறந்தார். லிஸ்பனில் சட்டம் படிக்கப் போன முதல் சில பெண்களில் ஒருவர். மூன்று முறை மணம், 36-ஆவது பிறந்தநாளன்று மரணம். கவிதைக்கு முன்னால் இந்த வாழ்க்கை வரலாற்றைத்தான் எல்லோரும் பேசினார்கள். எவோரா நகரப் பூங்காவில் அவருக்குச் சிலை வைக்க 1949 வரை இழுத்தடித்தார்கள்.

ஆனால் எனக்கு ஒரு குறை உண்டு. ஃப்ளோர்பெலாவின் விடுதலை முழுக்கத் தனியறை விடுதலை. வேறு பெண்ணே அந்தக் கவிதைகளில் இல்லை.

கிச்சு

அது குறையா ஐயா? சானட்டில் 14 வரிதான் இருக்கிறது. ஊரையே எங்கே உட்கார வைப்பது?

இரா. முத்து

எல்லாவற்றையும் படித்தேன். மாற்றுக் கருத்து சொல்ல அனுமதியுங்கள். இவையெல்லாம் லிஸ்பன் படித்த வர்க்கத்தின் ஆசைப் பிரச்சினைகள். சிமோன் த பொவா கையெழுத்துப் போட்டார் என்பதில் கிராமத்துப் பெண்ணுக்கு என்ன கிடைத்தது? சர்வாதிகாரத்தை முடித்தது ராணுவத்து இளம் அதிகாரிகளும் மக்களும். பெண்ணுக்கும் விடுதலை அதோடு வந்துவிட்டது. இலக்கியத்தை ரொம்ப ஏற்றிச் சொல்லாதீர்கள்.

ஓரக்கரை

முத்து சார், பாதி நியாயம். மறுபாதிக்குப் பதில் சொல்கிறேன்.

முதலில் சட்டம். 1933 அரசியல் சாசனம், சட்டத்தின் முன் எல்லோரும் சமம், பெண்களைப் பொறுத்தவரை அவர்கள் இயற்கையாலும் குடும்ப நலனாலும் வரும் வேறுபாடுகள் நீங்கலாக என்றது. அந்த ‘நீங்கலாக’வுக்குள் ஒரு முழு வாழ்க்கையை அடைக்கலாம். பள்ளி ஆசிரியை கல்யாணம் செய்ய அரசு அனுமதி வேண்டும். மாப்பிள்ளை நடத்தையும் வருமானமும் பார்த்துத்தான் கொடுப்பார்கள். மணமான பெண் 1969 வரை கணவன் அனுமதி இல்லாமல் வெளிநாடு போக முடியாது. 1911-ல் கரோலினா பெயாத்ரீஸ் ஆஞ்செலு என்ற மருத்துவர், குடும்பத் தலைவருக்கு ஓட்டு உண்டு என்றுதானே சட்டம் சொல்கிறது, கணவர் இறந்துவிட்டார், நான்தான் குடும்பத் தலைவர் என்று நீதிமன்றம் போய் ஓட்டுப் போட்டார். 1913-ல் சட்டத்தில் ‘ஆண்’ என்ற சொல்லைச் சேர்த்துவிட்டார்கள். ஒரு சொல் இல்லாத இடத்தில் ஒருத்தி நுழைந்தாள், அந்த ஒரு சொல்லை வைத்து அடைத்தார்கள். இலக்கியத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றா சொல்கிறீர்கள்?

கிராமத்துப் பெண்களைப் பற்றிக் கேட்டீர்கள். மரியா லாமாஸ் என்றொருவர். 1947-ல் பெண்கள் எழுதிய நூல்களின் கண்காட்சியை நடத்தினார். அதன் பிறகு அவர் தலைமை வகித்த பெண்கள் அமைப்பையே ஆட்சி மூடிவிட்டது. சரி என்று கேமராவைத் தூக்கிக்கொண்டு நாடு முழுக்க அலைந்தார். வயலிலும் கடற்கரையிலும் சுரங்கத்திலும் வேலை செய்கிற பெண்களைப் பார்த்து, பேசி, 1948 முதல் 1950 வரை பகுதி பகுதியாக ‘என் நாட்டுப் பெண்கள்’ என்று போட்டார். பெண்ணுக்கு வீடே உலகம் என்று ஆட்சி சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில், தலையில் சுமை ஏற்றி மலை ஏறுகிற பெண்ணின் படம் அதில் இருக்கிறது. மூன்று மரியாக்களின் புத்தகத்திலும் ஊரில் விடப்பட்ட மனைவிகள், பிரான்சுக்கும் கனடாவுக்கும் பிழைக்கப் போன கணவர்கள் உண்டு. நெய்தல் அதைச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அப்புறம், புரட்சியோடு விடுதலை வந்துவிட்டது என்றீர்கள். 1975 ஜனவரி 13 அன்று லிஸ்பனில் எட்வர்ட் ஏழாம் மன்னர் பூங்காவில் பெண்கள் விடுதலை இயக்கத்தின் சின்னஞ்சிறு ஊர்வலம். மார்க்கச்சை எரிப்பார்கள், ஆடை அவிழ்ப்பார்கள் என்று வதந்தி. ஆயிரக்கணக்கான ஆண்கள் கூடிவிட்டார்கள். பெண்களைத் தள்ளி, இடித்து, கை வைத்து... சர்வாதிகாரம் போய் ஒன்பது மாதம்கூட ஆகவில்லை. அந்த இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஓர்த்தாவும் பரேனுவும் உண்டு. வெல்யு ட கோஷ்தா விலகி நின்றார், அவருக்கு அந்த வழியில் நம்பிக்கை இல்லை. மூவரும் கடைசிவரை ஒரே குரல் என்று நானும் கதை விட மாட்டேன்.

இரா. முத்து

ஆஞ்செலு பற்றித் தெரியாது. நன்றி. வர்க்கம் பற்றிய கேள்வியை இன்னும் விடவில்லை. லாமாசைத் தேடிப் படித்துவிட்டு வருகிறேன்.

தேன்மொழி

ரொம்ப நாளாக வாசித்துவிட்டு மட்டும் போகிறவள். இன்று எழுதத் தோன்றியது.

ஓர்த்தாவின் அந்த 1971 தொகுப்பின் தலைப்பை யாரும் சொல்லவில்லை. ‘மின்யா சென்யோரா த மிம்’. தமிழில் ‘எனக்கு நானே தலைவி’ என்று வரலாம். இடைக்காலத்துக் காதல் பாட்டில் ஆண் பாணன் ‘என் தலைவியே’ என்று விளிப்பான். அவள் உயரத்தில் நிற்பாள், பேச மாட்டாள். பெண் பேசுகிற பாட்டும் ஒரு வகை உண்டு, ஏறக்குறைய 500 கிடைக்கின்றன. கடலே, என் நண்பனைப் பார்த்தாயா என்று கேட்கும். நம் தலைவி கூற்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் எழுதியது எல்லாம் ஆண்கள். போர்ச்சுகல் மன்னர் தினிசே பைன் மரத்துப் பூக்களிடம் காதலன் எங்கே என்று கேட்கிறார், பெண் குரலில். நமக்காவது வெள்ளிவீதியார் இருக்கிறார். அங்கே அந்தத் தொகைகளில் ஒரு பெண் பெயர்கூடக் கிடையாது.

ஓர்த்தா அந்தப் பழைய பாட்டின் திரும்பத் திரும்ப வரும் சின்ன வரிகளையே எடுத்துக்கொண்டு, ‘என் தலைவி’யோடு ‘எனக்கு’ என்பதைச் சேர்த்துவிட்டார். இவ்வளவுதான் செய்தார். அதற்குத்தான் அடி.

எனக்கு இது ஏன் ஒட்டிக்கொண்டது என்றால், பல வருடம் முன்பு ஒரு இதழுக்குக் கவிதை அனுப்பினேன். கவிதை நன்றாயிருக்கிறது, ‘நான்’ என்பதை ‘அவள்’ என்று மாற்றினால் போடலாம், உங்கள் வீட்டில் சங்கடம் வராது என்று பதில் வந்தது. நல்லெண்ணத்தில்தான் சொன்னார்கள். மாற்றிக் கொடுத்தேன். அச்சில் வந்தது. இன்றுவரை அந்தக் கவிதையை எடுத்துப் படித்ததில்லை.

நெய்தல்

தேன்மொழி, அந்தப் பழைய ‘நான்’ வடிவம் கையில் இருக்கிறதா? இருந்தால் இங்கே போடுங்கள்.

தேன்மொழி

தேடுகிறேன்.

பழைய வாசகன்

ஓர்த்தா பற்றி இன்னொன்று. அலோர்னா சீமாட்டி லியோனோர் அவருடைய முன்னோர். எட்டு வயதில், 1758-ல், அரசியல் பழிவாங்கலில் தாயோடும் தங்கையோடும் லிஸ்பனுக்கு வெளியே ஒரு மடத்தில் அடைத்தார்கள். வெளியே விட்டது 1777-ல். அந்தக் கம்பிக்கிராதிக்குள்ளேயே மொழிகள், தத்துவம், கவிதை எல்லாம் கற்றுக் கவிஞரானார். வெளியிலிருந்து கவிஞர்கள் கிராதிக்கு அந்தப் பக்கம் நின்று கவிதை சொல்லிப் போவார்களாம். ஓர்த்தா அவரைப் பற்றிப் பெரிய நாவல் எழுதினார், 2011. அதற்கு ஒரு பரிசு கிடைத்தது. பிரதமர் கையால் என்றார்கள். இந்த நாட்டை நாசமாக்குகிறவர் கையால் வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அப்போது வயது 75.

பரணி

நாவல் பக்கமும் வாருங்கள். லீடியா ஜோர்ஜின் ‘முணுமுணுப்புகளின் கரை’, 1988. போர்ச்சுகல் மொசாம்பிக்கில் நடத்திய காலனிப் போர். முதலில் ஒரு சின்னக் கதை வரும். ஓட்டல் மாடியில் திருமணம், இளம் அதிகாரி, மணமகள் எவிதா, வெட்டுக்கிளிக் கூட்டம், அழகாக முடிந்துவிடும். அதற்குப் பிறகுதான் நாவல். இருபது வருடம் கழித்து அதே பெண், இப்போது ஏவா லோப்பு, அந்தக் கதையை எழுதியவரிடம் பேசுகிறாள். நன்றாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் நடந்தது அப்படியில்லை என்று ஒவ்வொன்றாகப் பிரிக்கிறாள். அழகு என்று படித்த இடமெல்லாம் பிணமாக எழுந்து வருகிறது. மேலே ஐயா சொன்ன ‘ஆண் எழுதியதைத் திரும்ப வாங்குவது’ இதிலும் நடக்கிறது. எனக்கு மூன்று மரியாக்களைவிட இதுதான் பிடித்தது, அடிக்க வராதீர்கள்.

கிச்சு

சீரியசாகவே போகிறதே. நதாலியா கொரேயா நாடாளுமன்றத்தில் கவிதை படித்த கதையை யாராவது சொல்லுங்கள், பாதிதான் தெரியும்.

ஓரக்கரை

1982. கருக்கலைப்புச் சட்டம் பற்றிய விவாதம். ஒரு வலதுசாரி உறுப்பினர் எழுந்து, உடலுறவு என்பது பிள்ளை பெறுவதற்காக மட்டுமே என்கிறார். நதாலியா அப்போது உறுப்பினர். உட்கார்ந்த இடத்திலேயே கவிதை எழுதிப் படித்தார். கணக்கு எளிது: உறுப்பினருக்கு ஒரே ஒரு பிள்ளை, அவர் சொன்ன விதிப்படியே பார்த்தால் வாழ்நாளில் அந்தக் கருவியை ஒரே ஒரு முறைதான் எடுத்திருக்கிறார், பாவம். எதுகை மோனை சுத்தமாக. எல்லாக் கட்சியும் சிரித்து அவையை ஒத்திவைக்க வேண்டியதாயிற்று. சட்டம் தோற்றது, அது வேறு. பெண் கேட்டால் செய்துகொள்ளலாம் என்பது 2007 வாக்கெடுப்புக்குப் பிறகுதான் வந்தது.

கிச்சு

அக்கா, வெண்பாவில் மொழிபெயர்க்கிறேன். நாளை வரை டைம் கொடுங்கள்.

நெய்தல்

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாளாக ரப்பரும் கையுமாக உட்கார்ந்து ஓரக் குறிகளை அழித்துக்கொண்டிருக்கிறேன். பழைய தாள், அழுத்தினால் கிழிகிறது. பரேனு 2016-ல், வெல்யு ட கோஷ்தா 2020-ல், ஓர்த்தா 2025 பிப்ரவரியில் போய்விட்டார்கள். யார் எதை எழுதினார்கள் என்று மூவருமே கடைசிவரை சொல்லவில்லை.

ஒரே ஒரு குறியை மட்டும் அழிக்கவில்லை. அந்தப் பள்ளிக்கூடக் கட்டுரைக்குப் பக்கத்தில் இருக்கும் ‘வெ’. அது வெல்யு ட கோஷ்தாதான். சத்தியம்.

ஓரக்கரை

நான் பரேனு என்றல்லவா நினைத்திருந்தேன்!